5. மதியம் இரண்டரைக்குப் பசிக்கட்டும்

வேலை உத்தரவு கைக்கு வந்ததும் நம்மவர்கள் முதலில் மூட்டை கட்டுவது புளி, மிளகாய்த்தூள், உளுத்தம்பருப்பு. மிளகாயை மெக்சிகோவுக்குச் சுமந்து போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. மிளகாய் அந்த மண்ணில் பிறந்தது. பப்பாளி, சப்போட்டா, சௌசௌ, மக்காச்சோளம் எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி நம் ஊருக்கு வந்தவைதான். புளி அங்கே வெளியூர்க்காரன் என்றாலும் நன்றாக வேரூன்றிவிட்டது. சந்தையில் ஓட்டோடு குவித்து விற்கிறார்கள், கரைத்துக் குளிர்பானமாகக் குடிக்கிறார்கள், மிளகாய்ப்பொடி சேர்த்து மிட்டாய் செய்கிறார்கள். உளுந்துதான் லேசில் கிடைக்காது. அதற்கு வழி பின்னால் வருகிறது.

குவாதலஹாரா, கெரேத்தரோ, மொன்டெர்ரேய், மெக்சிகோ சிட்டி ஆகிய ஊர்களுக்கு வேலைக்காகப் போய், பெசோவில் சம்பளம் வாங்கி, மாதக் கடைசியில் நாலு காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். சுற்றுலா போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மெக்சிகோவில் சாப்பாட்டுச் செலவு தாங்கவில்லை என்று புலம்புகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ராத்திரி எட்டரை மணிக்கு ராப்பியிலோ ஊபர் ஈட்ஸிலோ ஆர்டர் போடுகிறவர்களாக இருப்பார்கள். இல்லையென்றால், மயிலாப்பூர் சமையலறையை இறக்குமதிச் சாமான் வைத்து அங்கே மறுபடி கட்டப் பார்க்கிறவர்களாக இருப்பார்கள். இரண்டிலும் காசு கரையும். அந்த ஊர் சாப்பிடுகிற நேரத்தில், அந்த ஊரில் விளைவதைச் சாப்பிடுகிறவருக்கு மெக்சிகோ மலிவான நாடு.

இங்கே சொல்லும் விலைகள் 2025 நிலவரம். அந்த ஆண்டில் ஒரு பெசோ நாலரை ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின். ஆனால் ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துக் கலங்க வேண்டாம். அளவுகோல் வேண்டுமானால் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியை வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் அது நாளொன்றுக்கு 278.80 பெசோ, அமெரிக்க எல்லையோரப் பகுதியில் மட்டும் 419.88. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அந்தத் தொகையில் பாதிக்கு மேல் போகிறதென்றால், உள்ளூர்க்காரர் அன்றாடம் சாப்பிடாத கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மதியச் சாப்பாடுதான் சாப்பாடு

காலையில் காபியும் ஒரு ரொட்டியும். பத்து, பதினொன்றுக்கு ஏதாவது கொறிப்பு. பெரிய சாப்பாடு மதியம் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில். இரவில் லேசாக ஏதோ ஒன்று. பெரும்பாலான மெக்சிகோக்காரர்களின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. அலுவலக இடைவேளையும் இதை ஒட்டியே வரும். நமக்குப் பன்னிரண்டரைக்கே வயிறு கிள்ளும். பொறுத்துக்கொண்டு பழகுங்கள். மலிவான, சூடான, வீட்டுப் பக்குவச் சாப்பாடு அந்த ஊரில் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கிடைக்கும். ஐந்து மணிக்குப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

தேட வேண்டிய பெயர்ப்பலகை ‘ஃபோன்டா’ அல்லது ‘கொசீனா எகொனோமிக்கா’. நாலைந்து மேசை, மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. அன்றைய பட்டியலை வாசலில் பளீர் நிற அட்டையில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருப்பார்கள். உள்ளே போய்க் கேட்க வேண்டியது ‘கொமீதா கொர்ரீதா’. ஒரே விலைக்கு முழுச் சாப்பாடு. சாதாரணக் குடியிருப்புப் பகுதிகளில் 80 முதல் 130 பெசோ. மெக்சிகோ சிட்டியின் ரோமா, கொண்டேசா, பொலாங்கோ பகுதிகளில் கூடுதல் கேட்பார்கள். கொஞ்சம் தள்ளி நடந்தால் விலையும் இறங்கும். மொன்டெர்ரேய் பொதுவாகவே ஒரு படி அதிகம்.

முதலில் சூப் வரும். தக்காளிச் சாற்றில் மெல்லிய சேமியா, அல்லது பருப்பு, அல்லது காய்கறி. அடுத்து ஒரு தட்டில் சோறு மட்டும் வரும், தன்னந்தனியாக. நம்மாள் குழம்புக்குக் காத்திருப்பார். பரிமாறுகிறவர் இவர் சோற்றைத் தின்று முடிக்கக் காத்திருப்பார். அங்கே சோறும் ஒரு சூப் கணக்கு, தனியாகத்தான் தின்பார்கள். சேர்த்துப் பிசைந்து சாப்பிட வேண்டுமானால் உட்கார்ந்ததுமே ‘தோதோ ஹுன்தோ’, எல்லாம் ஒன்றாக, என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவதாக ‘கிஸாதோ’, அதாவது குழம்பு வகை. அட்டையில் உள்ள மூன்று நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கூடவே வேகவைத்த பயறு, துணி விரித்த கூடையில் சுடச்சுடத் தோர்த்தியா என்ற சோள ரொட்டி, ஒரு ஜாடியில் அன்றைய பழத்தண்ணீர். சில கடைகளில் கடைசியில் ஒரு கிண்ணம் ஜெல்லியோ பால்சோறோ வரும்.

மேசையில் இரண்டு கிண்ணங்களில் சட்னி இருக்கும், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. சிவப்புதான் காரம் என்று நினைத்துப் பச்சையை அள்ளி ஊற்றாதீர்கள். நிறத்துக்கும் காரத்துக்கும் அங்கே சம்பந்தம் கிடையாது. தோர்த்தியா ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றலாம்.

உள்ளே நுழையும்போது ‘புவேனாஸ் தார்தெஸ்’ சொல்வதும், எழுந்து போகும்போது பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்து ‘ப்ரொவேச்சோ’ சொல்வதும் மரியாதை. முன்பின் தெரியாதவரானாலும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்காமல் பில் வராது. கேட்காமல் கொண்டுவந்து வைப்பது விரட்டுவது போல ஆகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். ‘லா குவென்தா’ என்றால் வரும். உணவகங்களில் பத்து முதல் பதினைந்து சதவீதம் டிப்ஸ் வழக்கம்; ஃபோன்டாவில் சில்லறை வைத்தால் போதும். சில்லறை என்றதும் இன்னொன்று: ஏடிஎம்மில் பெரும்பாலும் 500 பெசோ நோட்டு வரும், அதைச் சிறுகடையில் நீட்டினால் முகம் சுருங்கும். சூப்பர் மார்க்கெட்டில் மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பல ஃபோன்டாக்கள் திறக்காது. அன்றைக்கு மெக்சிகோவே குழியில் வேகவைத்த ஆட்டுக்கறி தின்னப் போய்விடும். பார்பகோவா என்பார்கள், கிலோ கணக்கில் விற்பார்கள், மலிவில்லை. மாதம் ஒரு முறை போகலாம், போகத்தான் வேண்டும்.

‘கறி இல்லை’ என்றால் என்ன

சைவக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவும். மாட்டுக்கறி, பன்றிக்கறி விலக்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

‘கார்னே’ என்றால் பேச்சு வழக்கில் மாட்டுக்கறியே முதலில் நினைவுக்கு வரும். ‘கார்னே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால் கோழி வரலாம், ஹாம் தூவிய முட்டை வரலாம். ஏமாற்றுவதாக எண்ண வேண்டாம். அவர்கள் கணக்கில் அது கார்னே இல்லை. ஆகவே நீட்டி முழக்கியே சொல்லுங்கள்: ‘நோ கோமோ கார்னே, நி பொய்யோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்.’ கறி, கோழி, மீன், ஹாம் எதுவும் தின்னமாட்டேன் என்று அர்த்தம். மாட்டுக்கறிக்கு ரெஸ், பன்றிக்கு செர்தோ அல்லது புவெர்கோ.

கண்ணுக்குத் தெரியாதது இரண்டு உண்டு. ஒன்று, கால்தோ தே பொய்யோ, கோழிச் சாறு. சிவப்புச் சோறு, சேமியா சூப் இரண்டிலும் பெரும்பாலும் அது இருக்கும், சாறாக இல்லாவிட்டால் பொடியாக. மற்றது மான்தேக்கா, பன்றிக் கொழுப்பு. மசித்து வதக்கிய பயற்றில், தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டையில், வடக்கத்திக் கோதுமைத் தோர்த்தியாவில் அது சர்வசாதாரணம். ‘யேவா மான்தேக்கா?’ என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். குழம்புபோல் நீர்க்க வேகவைத்த ‘ஃப்ரிஹோலெஸ் தே ஓய்யா’, அதாவது பானைப் பயறு, பல இடங்களில் கொழுப்பில்லாமல் வரும். இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

முட்டை, பால் சாப்பிடும் சைவர்கள் பிழைத்துக்கொள்ளலாம். பாலாடைக்கட்டி அடைத்துப் பொரித்த பொப்லானோ மிளகாய், உருளைக்கிழங்கு வடை, சோளமும் சுரைப்பிஞ்சு மாதிரியான காயும் சேர்த்த கலபசீத்தாஸ், கள்ளிக்காயோடு முட்டை. இவை ஃபோன்டா அட்டையில் அடிக்கடி தலைகாட்டும். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரையிலான தவக்காலம் சைவர்களுக்குப் பொற்காலம். வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் கறி தின்னமாட்டார்கள் என்பதால் கடைக்குக் கடை பருப்பு சூப்பும் காய்கறி வடைகளும் வரும். மீனும் இறாலும் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் மீன் விலை ஏறியும் இருக்கும்.

தெருவோரத்தில் சைவர் நம்பிப் போகக்கூடியது என் தீர்ப்பில் த்லகோயோ. மெக்சிகோ சிட்டிப் பக்கம் பெண்கள் நடைபாதையில் தணல் அடுப்பும் பெரிய தட்டையான கல்லும் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நீல மக்காச்சோள மாவை உள்ளங்கையில் உருட்டி, நடுவில் மசித்த பயறோ மொச்சையோ வைத்து, இரு முனையும் கூராக நீளவாக்கில் தட்டிக் கல்லில் போடுவார்கள். எண்ணெய் அநேகமாகக் கிடையாது. வெந்ததும் மேலே பொடியாக நறுக்கிய கள்ளிக்காய், வெங்காயம், கொத்தமல்லி, துருவிய பாலாடைக்கட்டி, சட்னி. மூன்று தின்றால் ஒருவேளை ஆயிற்று. அதே பெண்ணிடம் பூசணிப்பூ வைத்து மடித்த தோர்த்தியாவான கெசதீயாவும் கிடைக்கும். ஆனால் தலைநகரில் கெசதீயா என்றால் பாலாடைக்கட்டி தானாக வராது, ‘கொன் கேசோ’ என்று கேட்டு வாங்க வேண்டும். பெயரிலேயே பாலாடைக்கட்டி இருக்கும் பண்டத்துக்கு இது என்ன நியாயம் என்று மற்ற ஊர் மெக்சிகோக்காரர்களே சண்டை பிடிக்கிறார்கள். நாம் அதில் தலையிட வேண்டாம்.

அசைவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மணமே வழிகாட்டும். சைக்கிளில் துணி மூடிய கூடை வைத்து விற்கும் தாகோஸ் தே கனாஸ்தா, அதாவது தோர்த்தியா மடித்த கூடைத் தாகோ, தெருச் சாப்பாட்டிலேயே மலிவு. 2024-ல் மிஷெலின் வழிகாட்டி மெக்சிகோ சிட்டியில் ‘எல் கலீஃபா தே லெயோன்’ என்ற தாகோ கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. நின்றபடியே தின்கிற சின்னக் கடை அது. வரிசையில் நின்று ஒருமுறை தின்று பார்க்கலாம், அன்றாடத்துக்கு உங்கள் தெருமுனைக் கடை போதும். எந்தக் கடை என்று தேர்வு செய்ய இரண்டே சோதனைதான்: உள்ளூர்க்காரர் கூட்டம் நிற்கிறதா, காசு வாங்கும் கையும் தாகோ கட்டும் கையும் வேறு வேறா.

கிழமைச் சந்தை

தியாங்கிஸ் என்பது நம் வாரச்சந்தை. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு. வாரத்தில் ஒருநாள் ஒரு தெருவையே மறித்து நீல, சிவப்புத் தார்ப்பாய்களைக் கட்டிவிடுவார்கள். மறுநாள் அதே வியாபாரிகள் வேறு பகுதியில் இருப்பார்கள். மொன்டெர்ரேயில் இதற்கு மெர்காதோ ரொதான்தே என்று பெயர். காய், பழம், முட்டை, பாலாடைக்கட்டி, மசாலா, கோழி எல்லாம் அங்கேதான் வாங்க வேண்டும். காலையில் போனால் தரம், மூன்று மணிக்கு மேல் போனால் விலை. கடை கட்டுகிற நேரத்தில் தக்காளியையும் வாழைப்பழத்தையும் கூறு கட்டிக் கொடுப்பார்கள்.

‘கே லே தாமோஸ்?’ என்ன தரட்டும் என்று கேட்டபடியே ஒரு கீற்று மாம்பழத்தை வெட்டிக் கத்தி முனையில் நீட்டுவார் கடைக்காரர். வாங்கித் தின்னுங்கள், அதனால் வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. காய்கறியில் அடித்துப் பேரம் பேசும் வழக்கம் கிடையாது. ஆனால் ஒரே கடையில் வாராவாரம் வாங்கினால் கொசுறு உண்டு, ஒரு பிடி கொத்தமல்லியோ இரண்டு எலுமிச்சையோ. ‘மி பிலோன்’ என்று உரிமையோடு கேட்கலாம். எடையில் மட்டும் கண் வேண்டும். எண்ணூறு கிராம் கிலோக்கள் அங்கேயும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரொஃபெகோ சோதித்த தராசில் அதன் முத்திரை ஒட்டியிருக்கும். அதே அமைப்பு எந்தக் கடையில் எது என்ன விலை என்று ஒப்பிட்டு வெளியிடுகிறது. அடிப்படைப் பொருட்கள் 24 அடங்கிய ஒரு கூடையின் விலை 910 பெசோவைத் தாண்டக் கூடாது என்று 2024 இறுதியில் அரசும் பெரிய கடைகளும் பேசி வைத்திருக்கின்றன. அது தாண்டுகிறதா என்று பார்த்துச் சொல்வதும் ப்ரொஃபெகோதான்.

முட்டை அங்கே டஜன் கணக்கில் மட்டுமல்ல, கிலோ கணக்கிலும் வரும். கிலோவுக்குப் பதினைந்து பதினாறு நிற்கும். அசைவம் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே மலிவான புரதம். பச்சை மிளகாய்க்கு செர்ரானோ வாங்குங்கள், நம் நாக்குக்கு அதுதான் பொருந்தும். காய்ந்த மிளகாயில் காரத்துக்கு ஆர்போல், நிறத்துக்கு குவாஹீயோ. இரண்டையும் கலந்து வறுத்து அரைத்தால் குழம்புப்பொடிக்குக் குறையில்லை. சீரகம், மிளகு, கொத்தமல்லி விதை, கிராம்பு, எள், வேர்க்கடலை எல்லாம் சாக்கில் திறந்து வைத்திருப்பார்கள். பட்டை வாங்கும்போது தோல் போல மெல்லிசாகச் சுருண்டிருப்பதைப் பாருங்கள். அது இலங்கைப் பட்டை. இலங்கை ஏற்றுமதி செய்யும் பட்டையை அதிகம் வாங்கும் நாடே மெக்சிகோதான். வெல்லம் கூம்பு வடிவில் பிலோன்சீயோ என்ற பெயரில் இருக்கும். வாழையிலையும் உண்டு, தமால் கட்டுவதற்காக விற்பது.

கீரைக்காரப் பாட்டிகளிடம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கின்தோனில் என்று அவர்கள் தருவது நம் தண்டுக்கீரைக்கு உறவுக்கீரை. வெர்தொலாகாஸ் நம் பருப்புக்கீரையேதான். அங்கே அதைப் பன்றிக்கறியோடு பச்சைச் சட்னியில் வேகவைப்பார்கள். நீங்கள் பருப்போடு கடைந்துகொள்ளுங்கள். சௌசௌவுக்கு அங்கே சயோத்தே என்று பெயர், வருடம் முழுக்கக் கிடைக்கும். கள்ளிக்காய் என்று நான் சொல்லி வந்த நொபால் உண்மையில் சப்பாத்திக் கள்ளியின் மடல். முள் சீவியே விற்பார்கள். வெண்டைக்காயின் வழவழப்பு அதற்கும் உண்டு, வெண்டைக்காய்க்குச் செய்வதையே அதற்கும் செய்யுங்கள்: முதலில் உலர வதக்கி, உப்பைக் கடைசியில் போட வேண்டும். முருங்கைக்காய், கறிவேப்பிலை இரண்டையும் மறந்துவிடுவது மனசுக்கு நல்லது.

பழத்தைப் பருவத்தில் வாங்குகிறவர்தான் அங்கே பணக்காரர். ஏப்ரல் முதல் ஜூலை வரை மாம்பழம். மே மாதத்தில் குவாதலஹாராவின் நுவேவே எஸ்கீனாஸ் பகுதியில் கூடைகூடையாகப் பித்தாயா என்ற கள்ளிப்பழம். மழைக்காலத்தில் சப்பாத்திக்கள்ளிப் பழம். குளிர்காலத்தில் கமலாவும் கொய்யாவும். பப்பாளி எப்போதும் உண்டு.

மளிகைக்கு மட்டும் சூப்பர் மார்க்கெட். போதேகா அவுர்ரேரா, தியென்தாஸ் 3பே ஆகியவை மலிவு விலைக் கடைகள். அரிசி, எண்ணெய், பால், சோப்பு அங்கே. காய்கறிக்கும் சூப்பர் மார்க்கெட்டையே நம்பினால் செவ்வாய், புதன் கிழமைகளில் போங்கள், பெரிய கடைகள் காய் பழத்துக்குத் தள்ளுபடி விடுவது அந்த நாட்களில்தான். தெருவுக்குத் தெரு இருக்கும் ஓக்ஸோ கடையில் மொபைல் ரீசார்ஜ் செய்யலாம், கட்டணம் கட்டலாம்; மளிகை வாங்கக் கூடாது. பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரைகள் தெரியும். 2020 அக்டோபர் முதல் கட்டாயம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி எது அளவுக்கு மீறினாலும் ஒரு முத்திரை விழும். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஸ்பானிய மொழி தெரியாமலே பொருளைத் தரம் பிரிக்க இது ஒன்று போதும்.

தோர்த்தியாவை பாக்கெட்டில் வாங்காதீர்கள். தெருவில் இயந்திரம் சடசடக்கும் சத்தம் கேட்கும் இடம் தோர்த்தியேரியா. கிலோ 20 முதல் 30 பெசோ. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்த மாவு. அந்தச் சுண்ணாம்பால்தான் சோளத்தில் உள்ள நியாசின் உடம்பில் சேர்கிறது, கால்சியமும் கூடுகிறது. வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுபோனால் அதில் சுற்றித் தருவார்கள். அரை கிலோ வாங்கினால் இருவருக்கு ஒரு நாள் ஓடும்.

வீட்டு அடுப்பு

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். இருபது லிட்டர் கேன் எல்லா வீட்டிலும் உண்டு. கம்பெனிக் கேனுக்கு 45, 50 பெசோ ஆகும், தெருமுனைச் சுத்திகரிப்பு நிலையத்தில் காலிக் கேனைக் கொண்டுபோய் நிரப்பினால் அதில் பாதிக்கும் குறைவு. பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லி, ஸ்ட்ராபெரிக்கு சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் கிருமிநாசினிச் சொட்டு மருந்தை அதன் மேல் எழுதியுள்ள அளவில் தண்ணீரில் விட்டு ஊறவைக்க வேண்டும். மெக்சிகோக்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

மிக்ஸியைக் கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட் மிக்ஸி அதில் முனகும், அரைக்காது. அந்த ஊர் லிகுவாதோரா வாங்கிக்கொள்ளுங்கள், சட்னிக்கும் அடைமாவுக்கும் அது போதும். துவையலுக்கு மொல்காஹேத்தே என்ற எரிமலைக்கல் உரல் கிடைக்கிறது. வாங்கினால் முதலில் அரிசி போட்டு அரைத்து அரைத்துக் கல் பொடி போகும்வரை பழக்க வேண்டும்.

பிரஷர் குக்கர் மட்டும் கட்டாயம். மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வேகவைக்கக் கிளம்பினால் காஸ்தான் தீரும். கெரேத்தரோவிலும் குவாதலஹாராவிலும் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, மொன்டெர்ரேயில் இல்லை.

இனி உளுந்து. இந்தியச் சாமான் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், விலை நம் ஊர் விலையைப்போல் பல மடங்கு. அதை வாங்கி மாவரைத்து இட்லி ஊற்றுவதை தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடத்துக்கு அடைதான் கைகொடுக்கும். அரிசி இரண்டு பங்கு, ‘லென்தேஹா’ என்ற பருப்பு ஒரு பங்கு, கொண்டைக்கடலை அரைப் பங்கு, ஆர்போல் மிளகாய், சீரகம். கடலையை முந்தின இரவே ஊறப்போட்டுவிட்டுக் கரகரப்பாக அரைத்து, புளிக்க வைக்காமலே ஊற்றலாம். தோர்த்தியா சுடும் கோமால் தட்டுதான் தோசைக்கல். துவரம்பருப்புக்குப் பதில் காய்ந்த பட்டாணிப் பருப்பு சாம்பாரில் கரைந்து ஒட்டிக்கொள்கிறது. ரசத்துக்கு எல்லாமே சந்தையில் உண்டு, பெருங்காயம் தவிர. தக்காளி கேட்கும்போது தலைநகர்ப் பக்கம் ‘ஹிதொமாத்தே’ என்று கேளுங்கள். வெறும் ‘தொமாத்தே’ என்றால் காகித உறை போட்ட பச்சைக்காய் வந்துவிடும். மீல் மேக்கரும் மொத்தமாக எடைக்குக் கிடைக்கும், சோயா என்று கேட்டால் போதும்.

எனவே ஊரிலிருந்து எடுத்துப்போக வேண்டியவை: பெருங்காயம், கடுகு, வெந்தயம், சாம்பார்ப்பொடி. கம்பெனி முத்திரையோடு பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். விமான நிலையத்தில் செனாசிகா என்ற தாவர, விலங்குச் சுகாதாரத் துறை பையைச் சோதிக்கும். பச்சை இலை, பழம், விதைப்பதற்கான விதை, கறி வகை எதையும் வைக்காதீர்கள். கறிவேப்பிலைக் கன்றைத் துணிக்குள் சுருட்டி வைக்கும் யோசனையும் வேண்டாம்.

கணக்கு

தனி ஆள், குவாதலஹாரா. காலையில் இரண்டு முட்டை, தோர்த்தியா, ஒரு பழம், காபி வீட்டில்: 30 பெசோ. மதியம் ஃபோன்டா: 100. இரவு அடையோ ரசம் சோறோ: 35. மாதத்துக்கு ஐயாயிரம் பெசோ. தண்ணீர், காஸ், ஞாயிற்றுக்கிழமை வெளியே தின்பது சேர்த்தால் ஆறாயிரத்தைத் தொடும். இரவுச் சாப்பாட்டை மட்டும் தினமும் செயலியில் வரவழைத்தால், டெலிவரிக் கட்டணமும் டிப்ஸும் சேர்ந்து அந்த ஒருவேளைக்கே ஆறாயிரம் போய்விடும். கணவன் மனைவி இருவர் என்றால் மதியமும் டப்பா கட்டிக்கொண்டு போகலாம். பல அலுவலகங்களில் மைக்ரோவேவ் முன்னால் வரிசையே நிற்கும், கூச்சப்பட வேண்டாம்.

சம்பளம் பேசும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ‘வாலெஸ் தே தெஸ்பென்சா’ உண்டா? மெக்சிகோ நிறுவனங்கள் பல, சம்பளத்துக்கு மேல் மளிகைக்கென்று ஒரு அட்டையில் மாதாமாதம் பணம் போடுகின்றன. சூப்பர் மார்க்கெட்டில் செல்லும், தியாங்கிஸில் செல்லாது. எனவே அரிசி, எண்ணெய், பாலுக்கு அட்டை, காய்கறிக்கு ரொக்கம். அலுவலகத்திலேயே சலுகை விலைச் சாப்பாட்டுக்கூடம் இருந்தால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வீடு. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது பால்கனியையும் ஜிம்மையும் பார்க்கிற நேரத்தில் கீழே இறங்கித் தெருவைப் பாருங்கள். தோர்த்தியேரியா எத்தனை நிமிட நடை? மதியம் இரண்டரைக்கு எந்த ஃபோன்டாவில் கூட்டம்? பக்கத்தில் மெர்காதோ, அதாவது நிரந்தரச் சந்தை, உண்டா? புறநகரில் மதில் சுவருக்குள் கட்டிய குடியிருப்புகள் பளபளக்கும், ஆனால் ஒரு கொத்தமல்லிக்குக் கார் எடுக்க வேண்டும். சாமான் இல்லாத வீடுகளில் அடுப்பும் ஃபிரிட்ஜும்கூட இருக்காது என்பதால் வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தியாங்கிஸ் எந்தக் கிழமை, எந்தத் தெரு என்று காவலாளியிடம் கேளுங்கள். அது உங்கள் வாசலிலேயே கூடுவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்; அந்த ஒரு நாள் மட்டும் காரை முந்தின இரவே அடுத்த தெருவில் நிறுத்திவிட வேண்டும்.